திருமலை தரிசனம், பெங்களூரு ப்ரூவரி: ஒரே வார இறுதியில் இரண்டும் வேணுமா? எங்கே, எந்த வரிசையில்?

வெள்ளிக்கிழமை மதியம் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு பிளான் உங்களுக்கும் வந்திருக்கும். "நைட் இந்திராநகர்ல ஒரு ப்ரூவரி. ஒரு மணிக்குக் கிளம்பினா விடியும்போது திருப்பதி. காலைல தரிசனம், ஞாயிறு ஃபுல் ரெஸ்ட்." அஞ்சே நிமிஷத்தில் எட்டு பேர் கட்டைவிரல் காட்டியிருப்பாங்க. கார் யாருது, யார் ஓட்டறாங்க என்பது மட்டும் கடைசி வரைக்கும் பேச்சிலேயே வந்திருக்காது.

இந்தப் பிளானில் ப்ரூவரியும் தப்பில்லை, திருப்பதியும் தப்பில்லை. வரிசைதான் தப்பு. எங்கே என்ன கிடைக்கும், எங்கே எதுக்கு இடமே இல்லை, பெங்களூரில் எந்த ப்ரூவரி உங்க கூட்டத்துக்குச் சரிப்படும் என்று தெரிஞ்சுகிட்டா வரிசை தானாகவே மாறிடும்.

மலையில் என்ன விதி?

முதலில் மலை. திருமலையில் மது, மாமிசம், புகையிலை மூன்றுக்கும் முழுத் தடை. குடிப்பதற்கு மட்டுமில்லை, கொண்டு போவதற்கும்தான். அலிபிரி சோதனைச் சாவடியில் காரை நிறுத்தி எல்லாரையும் இறங்கச் சொல்வாங்க. பைகள் ஸ்கேனருக்குள் போகும், டிக்கியைத் திறந்து பார்ப்பாங்க. போன வாரப் பார்ட்டியில் மிஞ்சின பாட்டில் ஸ்டெப்னி பக்கத்தில் உருண்டுகிட்டு இருந்தா, "மறந்துட்டேன் சார்" என்பது அங்கே எடுபடாது. சிகரெட் பாக்கெட்டுக்கும் இதே கதைதான். கிளம்பும் முன்னாடி வீட்டிலேயே டிக்கியை ஒரு தடவை காலி பண்ணிடுங்க. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் மலையில் தடை என்பதால், ஸ்டீல் பாட்டில் கையில் இருக்கறது நல்லது.

சாப்பாட்டுக்கு அங்கே குறையே இல்லை. மாத்ருஸ்ரீ தரிகொண்ட வெங்கமாம்பா அன்னபிரசாத வளாகம் 2011-ல் திறக்கப்பட்டது. நான்கு கூடங்களிலுமாக ஒரே நேரத்தில் சுமார் 4,000 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். இலவச அன்னதானத் திட்டம் அதுக்கும் முந்தையது, 1985-ல் என்.டி.ராமராவ் முதல்வராக இருந்தப்போ தொடங்கியது. சர்க்கரைப் பொங்கல், சட்னி, சாதம், சாம்பார், ரசம், மோர் என்று வரிசையாக வரும். 2025 முதல் வெங்காயம், பூண்டு இல்லாத வடையும் சேர்ந்திருக்கு. ஊரில் பெரிய பெரிய ரெஸ்டாரண்டுகளுக்கு ரேட்டிங் போடற கைதான் உங்களுது. ஆனாலும் முன்பின் தெரியாத ஆயிரம் பேரோட ஒரே நேரத்தில் இலை முன்னாடி உட்காரும்போது வரும் பசி வேற. மலையில் இருக்கிற ஒரு நாள் தனியார் ஓட்டல்களைத் தேடாம அங்கே சாப்பிடுங்கன்னுதான் சொல்வேன்.

சரி, கீழே திருப்பதி, சித்தூரில்?

திருப்பதி நகரத்தில் பார்கள் உண்டு, மதுக்கடைகளும் உண்டு. ஆனால் ரயில் நிலையத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வழியாக அலிபிரி வரை யாத்ரீகர்கள் போகும் பாதையில் கடை வைக்க அனுமதி இல்லை. அதனால நீங்க தங்கற லாட்ஜ் வாசலில் ஒன்றும் கண்ணில் படாது.

இந்த வட்டாரத்துக்கும் மதுவிலக்குக்கும் ரொம்பப் பழைய தொடர்பு. 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார் என்பது பள்ளிக்கூடத்தில் படிச்சது. அடுத்த வருஷமே அது போய்ச் சேர்ந்த மாவட்டங்களில் ஒன்று சித்தூர். அப்போது அது சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953-ல் ஆந்திரா பிரிஞ்சப்போ அந்தப் பக்கம் போச்சு. 1960-ல் திருத்தணி மட்டும் நம்ம பக்கம் திரும்பி வந்தது. 1995-ல் ஆந்திரா முழுக்க மதுவிலக்கு வந்து, 1997-ல் தளர்த்தப்பட்டது. 2019-ல் சில்லறை மது விற்பனையை அரசே எடுத்துக்கிட்டது. பழக்கமான பிராண்டுகள் காணாமல் போய், யாரும் கேள்விப்படாத பெயர்களில் பாட்டில்கள் வந்து மீம்களாக ஓடினது அந்தக் காலம்தான். 2024 அக்டோபரில் கடைகள் மறுபடியும் தனியாரிடம் போயின.

இவ்வளவும் எதுக்குச் சொல்றேன்னா, ஒரு ஊரில் என்ன பீர் கிடைக்கும் என்பதை முதலில் தீர்மானிப்பது நாக்கு இல்லை, அந்த மாநிலத்தின் கலால் சட்டம். ப்ரூவரி ரெஸ்டாரண்ட் விஷயத்தில் இது இன்னும் கறாராக இருக்கும். அங்கே பீர் தயாராவதும் விற்பதும் ஒரே கட்டடத்தில். அதுக்கென்று தனி உரிமம் கொடுக்கும் மாநிலத்தில்தான் அந்தத் தொழிலே வளரும்.

திருப்பதி பாரில் உட்கார்ந்தாலும் உங்களுக்குக் கிடைக்கப்போவது எல்லா ஊரிலும் கிடைக்கும் அதே பாட்டில் பீர்தான். அதுக்காக அங்கே ஒரு சாயங்காலத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் நல்ல ராயலசீமா சாப்பாட்டைத் தேடிப் போங்க. ராகி சங்கடியும் நாட்டுக்கோடி புலுசும் கிடைக்கும் இடம் ஒன்று மாட்டினா விடாதீங்க. ராகிக் களி நமக்கும் தெரிஞ்சதுதான். ஆனா அந்தப் புலுசோட காரம் தனி ரகம். தரிசனம் முடியும் வரை சைவம்தான் என்பவர்கள் இதைத் திரும்பும்போது வச்சுக்கலாம்.

சென்னைக்காரங்க என்ன செய்யறது?

சுருக்கமாகச் சொல்லிடறேன். திருப்பதியிலிருந்து புத்தூர், நகரி, திருவள்ளூர் வழியாகச் சென்னை சுமார் 135 கி.மீ. தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். மிச்சம் நட்சத்திர ஓட்டல் பார்களும் கிளப்புகளும். சொந்தமாகப் பீர் தயாரிக்கும் இடம் வேணும் என்கிற சென்னைக் கூட்டம் வழக்கமாகப் போவது புதுச்சேரிக்கு. அங்கே கேடமரான் ப்ரூயிங் போன்ற இடங்கள் இருக்கு. ஆனா அது நேர் எதிர்த் திசை. திருப்பதி ஒரு வாரம், புதுச்சேரி இன்னொரு வாரம் என்று பிரிச்சுக்கறதுதான் உங்களுக்கு நிம்மதி. இதுக்கப்புறம் சொல்வது முக்கியமாகப் பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு. அங்கேதான் இந்த இரட்டைப் பிளான் அடிக்கடி நடக்குது.

பெங்களூரில் எந்த இடம்?

2010-ஐ ஒட்டிப் பெங்களூரில் மைக்ரோப்ரூவரிகள் முளைக்கத் தொடங்கின. இன்று பேட்டைக்குப் பேட்டை இருக்கு. எல்லாத்தையும் பட்டியல் போட இது இடமில்லை. திருப்பதியிலிருந்து திரும்பி வரும் சாலையை வச்சே யோசிப்போம். சித்தூர், பலமநேர், முல்பாகல், கோலார், ஹொஸ்கோட்டே தாண்டி, பழைய மெட்ராஸ் ரோடு வழியாக ஊருக்குள் நுழைவீங்க. மொத்தம் சுமார் 250 கி.மீ. கே.ஆர்.புரம் வந்ததும் இடது பக்கம் ஒயிட்ஃபீல்டு. நேராகப் போனா இந்திராநகர்.

ஒயிட்ஃபீல்டு பக்கம் என்றால் விண்ட்மில்ஸ் கிராஃப்ட்வொர்க்ஸ். ப்ரூவரி என்றாலே காது கிழியும் பாட்டு என்று நினைக்கிறவங்க அங்கே ஆச்சரியப்படுவீங்க. சுவரெல்லாம் புத்தக அலமாரி, ஜாஸ் கச்சேரிக்குத் தனி அரங்கு. பேசணும், உட்காரணும் என்று வரும் நாலு பேருக்குப் பொருத்தமான இடம். பன்னிரண்டு பேர் பிறந்தநாள் கேக் வெட்டறதுக்கு இல்லை. விலையும் கொஞ்சம் தூக்கல்தான்.

இந்திராநகர் 100 அடி ரோட்டில் டாயிட். பெங்களூரு கிராஃப்ட் பீர் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர். பல மாடி, எப்பவும் கூட்டம், சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் காத்திருப்பு. கோதுமையில் செய்த டாயிட் வைஸ், பெல்ஜிய பாணியில் டின்டின் டாயிட், அரிசி சேர்த்த பாஸ்மதி பிளாண்ட் என்று பழகின வரிசை. முதல் தடவை கிராஃப்ட் பீர் குடிக்கிற நண்பரைக் கூட்டிட்டுப் போக இதைத்தான் சொல்வேன். எதை வாங்கினாலும் பெரிய ஏமாற்றம் இருக்காது. ரகசியம் பேசணும்னா மட்டும் வேற இடம் பாருங்க.

பெரிய கூட்டம், திறந்தவெளி, இரவு விளக்கு வெளிச்சம், போட்டோ எல்லாம் வேணும் என்றால் பிக் ப்ரூஸ்கி. ஹென்னூர் பக்கம் ஒன்று, சர்ஜாபூர் ரோட்டில் ஒன்று. இங்கேதான் "ஒரே கடை, ரெண்டு கிளை, எது நல்லது?" என்கிற வழக்கமான சண்டை வரும். இன்ஸ்டாகிராமில் எது அழகு என்று பார்த்து முடிவு பண்ணாதீங்க. முதல் கேள்வி, கூட்டத்தில் பெரும்பாலானவங்க வீடு எந்தப் பக்கம்? ரெண்டு இடமுமே ஊர் ஓரம். ராத்திரி பன்னிரண்டரைக்கு ஹென்னூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கேப் தேடின அனுபவம் உள்ளவங்களுக்கு நான் சொல்ல வர்றது புரியும். பீரில் மிச்சம் பிடிச்ச காசு கேப் கட்டணத்தில் போயிடும். அதோட, அந்த நேரத்தில் கேப் கிடைக்காமல் "சரி, நானே ஓட்டறேன்" என்று ஒருத்தர் சாவியைக் கையில் எடுக்கும் ஆபத்தான நிமிஷம் இதுமாதிரி இடங்களில்தான் வரும்.

இரண்டாவது கேள்வி, இங்கே ஊத்தற பீர் இங்கேயே தயாரானதா, எப்போது டேங்கில் இறங்கினது? ஒரே பெயர், ஒரே செய்முறை என்றாலும் கிளைக்குக் கிளை சுவை மாறலாம். தண்ணீர் மாறுது, தயாரிப்பவர் கை மாறுது. எல்லாத்தையும் விட, அந்த பீருக்கு எத்தனை நாள் வயசு என்பது மாறுது. பாட்டில் பீரைச் சூடுபடுத்தி, வடிகட்டி, மாதக்கணக்கில் தாங்கும்படி செய்வாங்க. ப்ரூவரி பீர் பெரும்பாலும் அப்படி இல்லை. டேங்கிலிருந்து நேராக கிளாஸுக்கு வருது, சீக்கிரம் தீர்ந்தால்தான் நல்லது. அதனால கூட்டம் அதிகமான கிளையில் பீர் புதுசாக இருக்க வாய்ப்பு அதிகம். நம்ம ஊரில் எண்ணெய்ப் பலகாரம் வாங்கக் கூட்டமான கடையாகப் பார்த்துப் போவோமே, அதே கணக்குதான். நாலு மேசை மட்டும் நிறைஞ்ச கிளையில் பன்னிரண்டு வகை பீர் பலகையில் எழுதியிருந்தா, எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

கிளாஸ் வந்ததும் எதைப் பார்க்கணும்?

முழு கிளாஸ் ஆர்டர் பண்ணும் முன்னாடி சின்ன கிளாஸில் சாம்பிள் கேளுங்க. பெரும்பாலான ப்ரூவரிகளில் கொடுப்பாங்க. நாலைந்து சின்ன கிளாஸ் ஒரே பலகையில் வரும் சாம்ப்ளர் செட்டும் இருக்கும்.

ஹெஃபவைசன் என்பது ஜெர்மன் கோதுமை பீர். வாழைப்பழ வாசம், லேசான கிராம்பு வாசம் ரெண்டும் வரும். வாழைப்பழமோ கிராம்போ உள்ளே போடறதில்லை. அந்த வாசனைகளைத் தருவது ஈஸ்ட். கலங்கலாகத்தான் இருக்கும், அது கெட்டுப்போனதுக்கு அடையாளம் இல்லை. பெல்ஜியன் விட் கதை வேற. அதில் நிஜமாகவே கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவாங்க. நம்ம வீட்டு தனியாதான். ஐ.பி.ஏ. கசப்பு, ஹாப் பூவிலிருந்து வருவது. ஸ்டவுட் கறுப்பு, வறுத்த மால்ட், காபி நாற்றம் என்று பயப்படாமல் ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. ஃபில்டர் காபி குடிச்சு வளர்ந்தவங்களுக்குப் பல சமயம் அதுதான் பிடிச்சுப் போகும்.

கோளாறு எங்கே தெரியும்? கிளாஸின் உள்பக்கம் குமிழிகள் சுவரோடு ஒட்டிக்கிட்டு நின்னா, கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை. வெண்ணெய் வாசனை தூக்கலாக இருந்தா, பீர் முழுசாகப் பக்குவப்படும் முன்னாடியே ஊத்தியிருக்கலாம், இல்லை குழாய் சுத்தம் போதலை. வினிகர் புளிப்பு, ஈரமான அட்டைப்பெட்டி வாசம் வந்தா, கூச்சப்படாமல் மாத்தித் தரச் சொல்லுங்க. நல்ல இடமாக இருந்தால் முகம் சுளிக்காமல் மாத்துவாங்க. அந்த ஒரு தருணத்தை வச்சே அந்த ரெஸ்டாரண்டுக்கு மறுபடி போகலாமா வேண்டாமா என்று நான் முடிவு பண்ணிடுவேன்.

சாப்பாட்டில் நம்மாட்கள் அடிக்கடி பண்ற தப்பு ஒன்று இருக்கு. ஆந்திரா சில்லி சிக்கனுக்கு ஐ.பி.ஏ. ஆர்டர் பண்றது. கசப்பு மிளகாய்க் காரத்தை இன்னும் ஏத்திவிடும். ரெண்டு துண்டு சாப்பிட்டதும் நாக்கு எரியும், எரிச்சலுக்கு இன்னும் பீர், அப்புறம் எதுக்கும் ருசியே தெரியாது. காரத்துக்கு ஹெஃபவைசன், விட் மாதிரி மிதமான கோதுமை பீர் சரி. சுட்ட கறிக்கு ஸ்டவுட். வெறும் பாப்கார்னோட மூணு கிளாஸ் என்பது மட்டும் வேண்டவே வேண்டாம். வெறும் வயிற்றில் போதை வேகமாக ஏறும்.

மாம்பழ சீசனில் பல ப்ரூவரிகளில் மாம்பழ பீர் போடுவாங்க. மாம்பழக் கூழ் தொழிலுக்குப் பேர் போன மாவட்டம் சித்தூர். அங்கே விளையற தோத்தாபுரியை, அதாவது நம்ம கிளிமூக்கு மாங்காயை, "பெங்களூரா" என்றும் சொல்றாங்க.

ஒரு மணிக்குக் கிளம்பினால் என்ன ஆகும்?

இப்போ அந்த வாட்ஸ்அப் பிளானுக்கு வருவோம். 5 சதவீத ஆல்கஹால் உள்ள பீர், 500 மி.லி. கிளாஸ். அதில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 20 கிராம். மூணு கிளாஸ் என்றால் 60 கிராம். 70 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் ராத்திரி 9 மணிக்குத் தொடங்கி மூணு கிளாஸ் குடிக்கிறார் என்று வைப்போம். தோராயமாகக் கணக்குப் போட்டால், 1 மணிக்கு அவர் ரத்தத்தில் 100 மி.லி.க்கு 60 முதல் 70 மி.கி. ஆல்கஹால் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவின்படி வரம்பு 30 மி.கி. அதாவது ரெண்டு மடங்குக்கு மேல். எடை குறைவானவர்களுக்கும் பெண்களுக்கும் இது இன்னும் கூடும். கறுப்புக் காபி, குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுதல், எலுமிச்சை ஜூஸ் எதுவும் இந்த எண்ணைக் குறைக்காது. கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும்.

பிடிபட்டால் முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். பிடிபடாமல் போனால்தான் பெரிய பயம். கோலார் தாண்டினதும் நெடுஞ்சாலை காலியாக இருக்கும், கால் தானாக அழுத்தும், பின்சீட்டில் எல்லாரும் தூங்கிட்டு இருப்பாங்க. பலமநேர் பக்கம் மலைச் சரிவு வரும். விடியும்போது போதை இறங்கியிருந்தாலும், ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணோட திருமலை மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் திருப்பணும். இதுக்கு நடுவில் அலிபிரி சோதனையும் இருக்கு. வாயில் வாசனையோட அந்த வரிசையில் நிற்க உங்களுக்கே மனசு வராது.

அதனால வரிசையைத் திருப்பிப் போடுங்க. வெள்ளி ராத்திரி சீக்கிரம் தூங்கிட்டு, சனிக்கிழமை விடியலில் கிளம்புங்க. இல்லைன்னா ராத்திரி பஸ்ஸில் போயிடுங்க, பெங்களூரிலிருந்து நிறைய இருக்கு. திருப்பதியிலிருந்து மேலே ஆந்திர அரசுப் பஸ் ஓடிக்கிட்டே இருக்கும். 300 ரூபாய் சிறப்பு நுழைவுத் தரிசனத்தைத் தேவஸ்தானத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே எடுத்து வச்சா, சனிக்கிழமையே தரிசனம் முடிஞ்சிடும். அன்னபிரசாதம் சாப்பிட்டுக் கீழே இறங்கி, திருப்பதியில் தூங்குங்க.

ஞாயிறு காலை ஏழரைக்குக் கிளம்பினா, பத்தரை மணிவாக்கில் முல்பாகல். அந்த ஊர் தோசை சின்னதாக, கனமாக, நெய் மணக்க இருக்கும். அதுக்காகவே வண்டியை நிறுத்தலாம். போற வழியில் காணிப்பாக்கம் விநாயகரைப் பார்க்கணும் என்றால் ஒரு மணி நேரம் கூட்டிக்கோங்க. மதியம் ஒரு மணி, ரெண்டு மணிக்கு வீடு வந்துடும். கார் சாவியை ஆணியில் மாட்டிட்டு ஒரு குளியல், ஒரு குட்டித் தூக்கம்.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு மெட்ரோ. ஊதா வழித்தடம் 2023 அக்டோபரிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை முழுசாக ஓடுது. ஒயிட்ஃபீல்டு, இந்திராநகர் ரெண்டு பக்கத்து ப்ரூவரிகளுக்கும் அதிலேயே போய் வரலாம். ஞாயிறு மாலை என்பதால் சனிக்கிழமைக் கூட்டமும் இருக்காது. 21 வயசுக்கு ஆதாரம் கேட்டா காட்ட அடையாள அட்டையை மறக்காதீங்க. மது உடல்நலத்துக்குக் கேடு என்ற எச்சரிக்கை இந்த அழகான கிளாஸ்களுக்கும் பொருந்தும். ரெண்டோட நிறுத்தினாலும் போதும், திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ஸ்டாண்டப் மீட்டிங் இருக்கு. குடிக்காத நண்பரை "டிரைவர்" என்று கூப்பிடாம, அவருக்கும் ஒரு நல்ல ஜிஞ்சர் ஏல் சொல்லுங்க. திரும்ப வரக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று போகும்போதே பார்த்து வச்சுக்கோங்க.